நாற்பத்தோரு வாசல்

"எங்க வம்சத்துக்கே ஊசி ஆகாது சிஸ்டர். போயிட்டு வாங்க."

பூவரசன் கதவைப் பாதி சாத்தியபடி சொன்னான்.

நர்ஸ் வேணி ஐஸ் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வாசலில் வைத்தாள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்தத் தெருவுக்கு இந்த மாதத்தில் அவள் வருவது மூன்றாவது முறை. தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை ஊசி போட்டாகிவிட்டது. பூவரசனின் ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு மட்டும் இன்னும் போடவில்லை.

பக்கத்துத் தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருந்தது. அதில் ஒன்று புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தது.

அதையும் சொல்லிப் பார்த்தாள்.

"போன ஊசிக்கே புள்ள ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்துச்சு" என்றான். பிறகு அவன் குரலில் பெருமை ஏறியது. "எங்க தாத்தா பிச்சமுத்து யாருன்னு லால்குடிப் பக்கம் கேட்டுப் பாருங்க. கட்டாயம்னு சொல்லி அம்மை குத்த வந்தவங்கள, கூட வந்த போலீஸோட சேத்து, அருவாளத் தூக்கிக்கிட்டு ஊர் எல்லை வரைக்கும் தொரத்துனவரு. ஆத்தா குடுக்குற முத்த மனுசன் ஊசியால தடுக்கக் கூடாதுன்னாரு. அவரு ஒரு வார்த்த சொன்னாரு, ஊர்ல ஒரு கதவு தொறக்கல."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பூவரசா, கதவ நல்லாத் தொற."

அவனுடைய அத்தை மாரியாயி. பிச்சமுத்துவின் மகள். அறுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும்.

அவள் வெளிச்சத்துக்கு வந்ததும் வேணி தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

நெற்றியிலிருந்து கழுத்து வரை விரல் வைக்க இடமில்லாமல் பள்ளம் பள்ளமாகத் தழும்பு. இடது கண் வெள்ளையாக இருந்தது.

பெரியம்மை.

வேணி படித்த பாடத்தில் அதற்கு ஒரு பக்கம்தான். உலகத்திலேயே இனி இல்லாத நோய் என்று அந்தப் பக்கம் முடியும். அது தொட்டுவிட்டுப் போன ஒரு முகம் இவ்வளவு அருகில் நின்று தன்னைப் பார்க்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பூவரசனுக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்த அத்தை முகம். அவ்வளவுதான்.

"தாத்தா கதைய பாதியில விட்டுட்டியேடா" என்றாள் மாரியாயி.

அரிவாளைப் பார்த்து அம்மை குத்த வந்தவர்கள் ஓடிப்போன அதே வருஷம் மாசியில் ஊருக்குள் அம்மை வந்தது. முதலில் வந்தது பிச்சமுத்து வீட்டுக்குத்தான். மாரியாயிக்கு ஏழு வயது. தம்பிக்கு மூன்று. இருவரையும் வாழையிலையில் கிடத்தி, வேப்பிலையால் விசிறியபடி அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒம்பதாம் நாள் தம்பி போயிட்டான்."

"தம்பியா?" பூவரசன் திரும்பினான். "எங்கப்பா ஒருத்தர்தானே?"

"உங்கப்பன் அதுக்கப்புறம் பொறந்தவன்டா."

மாரியாயி பிழைத்தாள். எல்லாம் காய்ந்து உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, அம்மை குத்துகிறவர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை போலீஸ் இல்லை. ஆனாலும் ஊர் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டது.

"அப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டாரு. எந்தெந்த வீட்டுக்குப் போயி கதவத் தொறக்காதீங்கன்னு சொன்னாரோ, அந்தந்த வீட்டுக்கெல்லாம் போனாரு. நாப்பத்தோரு வீடு. கதவத் தட்டி, வாசல்ல என்னை எறக்கி நிறுத்தி, மூஞ்சில போட்டிருந்த துண்ட எடுத்துருவாரு."

"தொறந்தாங்களா?" என்றாள் வேணி.

"ஜன்னல் வழியா பாப்பாங்க. அப்புறம் கதவு தொறக்கும். புள்ளைங்கள அவங்களே தூக்கிட்டு வந்து குடுத்தாங்க. அதுக்கப்புறம் எங்க ஊர்ல ஒரு புள்ளைக்கும் அம்மை வரலம்மா."

வேணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வருஷமாக எத்தனையோ வீட்டு வாசலில் அவள் பேசியிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள். ஏழு வயதுக் குழந்தை ஒன்று, ஒரு வார்த்தை பேசாமல், ஓர் ஊரையே திறந்திருக்கிறது.

"இத ஏன் யாருமே சொல்லல?" என்றான் பூவரசன்.

"சாகுற வரைக்கும் அப்பா இதப் பேசுனதில்ல. அதனால நானும் பேசல. ஊரு அருவாள மட்டும் ஞாபகம் வச்சுக்கிச்சு."

பூவரசன் உள்ளே போனான். உள்ளே அவன் மனைவி யமுனா ஏதோ கேட்பதும், அவன் தணிந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வேணியின் எதிரில் தரையில் உட்கார்ந்தான். குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டான்.

வேணி மருந்தை எடுத்தாள். ஊசியில் ஏற்றிப் போட்டாள்.

குழந்தை வீறிட்டது. மாரியாயி அதை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அழுகை மெல்ல அடங்கியது.

பூவரசன் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ஒவ்வொரு வீட்லயும் தாத்தா என்ன சொல்வாரு அத்தே?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள் மாரியாயி. "துண்ட எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவாரு. அவங்க என்னைப் பாத்து முடிக்கிற வரைக்கும்."