டாங்கி ஏறாத மேடு

மாத்தளையில் இராணுவக் கண்காட்சி. கோப்ரல் நப்லான் தங்கள் இலகு டாங்கியைப் பற்றி உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"எடை குறைவு. செங்குத்து மேடு ஏறும், பள்ளம் தாண்டும், ஆத்துக்குள்ளயும் இறங்கும்."

கூட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தெய்வானை மட்டும் விடாமல் கேட்டாள். "உள்ள எத்தன பேர் இருக்கலாங்க?"

"மூணு பேர்."

"ஒருத்தர் படுத்துக்கிட்டு வரலாமா? ரொம்பக் குலுக்குமா?"

நப்லானுக்குச் சந்தேகம் தட்டியது. "இதெல்லாம் ஏன் கேக்குறீங்க?"

"மகளுக்கு ஒம்பது மாசம், தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்க தோட்டத்துப் பாதைக்கு ஒரு வாகனமும் வரமாட்டேங்குது."

அவருக்கு மனம் இளகியது. "எந்தப் பக்கம்?"

"ரிவர்ஸ்டன் பக்கம், மலை உச்சியில தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயம்."

போன மழைக்கு நிவாரணம் சுமந்து அந்தப் பாதையில் நடந்தவர் நப்லான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அதுல போனா டாங்கி ஒடஞ்சிரும்மா."