ஹே-ரானின் பின்சக்கரம்

சிள்வண்டு மாதிரி கிர்ரென்று ஒரு சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வந்துவிட்டாள் ஹே-ரான். வரட்டும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் சைக்கிள் குழுவில் முன்னால் போகிறவர் திரும்பக் கூடாது. தலை திரும்பினால் சைக்கிளும் கூடவே திரும்பிவிடும். பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நாம்ஹே தீவு முழுக்கத் தேடினாலும் இப்படிக் கத்துகிற சக்கரம் ஒன்றுதான். மேட்டில் மிதிக்கும்போது ஊமையாக வரும். இறக்கத்தில் காலை நிறுத்தினால் கத்த ஆரம்பித்துவிடும்.

அந்தச் சக்கரம் என் வீட்டுக் கூடத்தில் பிறந்தது.

போன குளிர்காலம் முழுக்க என் வீட்டுக்காரர் துக்-சூ டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஸ்போக்ஸ் கம்பிகளைக் கோத்து, கோட்டம் எடுத்து, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடி கோத்தார். தட்டில் சோறு ஆறிப்போகும். நான் வாயே திறக்கவில்லை. மார்ச்சில் எனக்குப் பிறந்தநாள். மனுஷனுக்கு வாயால் சொல்லத் தெரியாது, கையால் செய்கிறார் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன்.

பிறந்தநாளுக்கென்று வீட்டார் வைத்துத் தருகிற கடற்பாசி சூப்பை நானே வைத்து நானே குடித்தேன். சக்கரம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, கடலோரச் சாலையில், அது எனக்குப் பின்னால் வந்தது. ஹே-ரானின் சைக்கிளில்.

"சத்தம் நல்லா இருக்குல்லக்கா? பழைய சாமான் கடையில கெடச்சுது," என்றாள். கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்பளை, சபலப்பட்டுவிட்டார். இவள் பல்லைக் காட்டியிருப்பாள், அவர் என்ன செய்வார் பாவம். இப்படி அவருக்கு ஒவ்வொரு இரவும் நானே சமாதானம் தேடிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் தூக்கி அவள் தலையில் போட்டேன். அவள் மூஞ்சி ரோட்டில் தேய்வதை ஒருநாள் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இன்று காலை, இதே மலைச் சாலையில் ஏறும்போதுதான் அந்த வளைவைப் பார்த்தேன். பூண்டு அறுவடைக் காலம். வயலிலிருந்து ஏறிய வண்டிகள் ஈரச் சேற்றையும் பூண்டுத் தண்டுகளையும் வளைவு நெடுகச் சிந்திவிட்டுப் போயிருந்தன. ஓரமாக ஒரு கை அகலம் மட்டும் காய்ந்த தார். ஏறும்போது ஒன்றும் செய்யாது. இறங்கும்போது சறுக்கி எடுத்துவிடும்.

மதியம் துறைமுகத்தில் சாப்பாடு. கீரை இலையில் நெத்திலிக் குழம்பையும் சோற்றையும் வைத்துச் சுருட்டி, ஹே-ரான் எல்லார் முன்னாலும், எங்களோடு சைக்கிளில் வந்திருந்த என் வீட்டுக்காரர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே, ஆ காட்டுங்க."

அவரும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து ரோட்டுக்கு வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன்.

கிளம்பும்போது குழுத் தலைவர் காக்கிடம், திரும்பும் வழியில் நான் முன்னால் போகிறேன் என்றேன்.

"என்ன, நம்ம புலிக்கு இன்னிக்குத் திடீர்னு பசி?" என்று கிண்டல் செய்துவிட்டு வழி விட்டார்.

ஹே-ரான் என் பின்னால்தான் வருவாள் என்று தெரியும். எதிர்காற்றுக்கு என் முதுகை மறைவாக வைத்துக்கொண்டு வருவது அவள் வழக்கம். என் வீட்டில் எடுத்தது போதாதென்று இதுவும்.

உச்சியைத் தாண்டினோம். இறக்கம். சிள்வண்டு கத்தியது.

நெருக்கமாக வரும்போது பின்னால் இருப்பவருக்கு ரோடு தெரியாது. முன்னால் போகிறவரின் முதுகும் கையும்தான் தெரியும். குழி, கல், மண் எது வந்தாலும் முன்னால் போகிறவர் கையை இறக்கிக் காட்ட வேண்டும். பின்னால் வருபவர் உயிரை அந்தக் கையை நம்பித்தான் விட்டிருப்பார்.

வளைவு வந்தது. நான் ஓரமாகக் காய்ந்த தாரில் நழுவிப் போனேன். கை ஹேண்டில்பாரை விட்டு இறங்கவில்லை.

சர்ரென்று ஒரு இழுப்பு. பிறகு இரும்பு உருளும் சத்தம்.

ஒழிந்தாள் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. மெதுவாக பிரேக் பிடித்து, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் திரும்பினேன்.

சேற்றில் என் வீட்டுக்காரர் கிடந்தார்.

காக் இறங்கி ஓடி வந்தார். "சாப்பிட்ட எடத்துல இவன் சக்கரத்துல கம்பி ஒடிஞ்சுபோச்சும்மா. ஹே-ரான்தான் தன்னோடதக் கழட்டிக் குடுத்துட்டு, பின்னால வர்ற நம்ம சாமான் வேன்ல வருது. நீ அப்ப ரோட்டுல நின்னுட்டிருந்தே."

துக்-சூ தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். எலும்பு முறிந்திருந்தது, பார்த்தாலே தெரிந்தது. வலியைவிட ஆச்சரியம்தான் முகத்தில் அதிகம்.

"நீ கை காட்டவே இல்லியே," என்றார்.

யாரோ என்னிடம் தண்ணீர் நீட்டினார்கள். பாவம், ஆடிப்போய்விட்டாள் என்றார்கள். நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றியில் இருந்த சேற்றைத் துடைத்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"சத்தத்தக் கேட்டு ஹே-ரான்னு நெனச்சுட்டேங்க."

எலும்பு முறிந்தபோதுகூட வெளுக்காத முகம் அப்போது வெளுத்தது.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. ஹே-ரான் விழுந்திருந்தால் எனக்கு மனசு இவ்வளவு நிறைந்திருக்காது.