உப்பு வில்லை

கருவியின் பேனா காகிதத்தில் கோடு போட ஆரம்பித்திருந்தது.

இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசியில் பனி ஒட்டியிருக்கிறதா என்று உலகத்தில் நாலைந்து பேர் கவலைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் விருதுநகரில் இருந்தார். பேராசிரியர் நாகையா.

அந்தப் பனியை அவர் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்தார். உப்பில் செதுக்கிய ஒரு வில்லை. திரவக் காற்றால் அதைக் குளிரவைத்து, மேலே நீராவியை மெல்லிசாகப் படியவிட்டு, அகச்சிவப்புக் கதிரை ஊடே அனுப்பினால், பனி அதைத் தின்ற இடத்தில் பேனாவின் கோடு பள்ளமாக இறங்கும்.

உப்புக்கு ஈரம் ஆகாது. ஊரில் மழையே கிடையாது என்பதால் அந்தக் கவலை இல்லை.

இன்று பள்ளம் விழுந்தால், மாணவன் நல்லசிவத்துக்குச் சென்னையில் ஆராய்ச்சி இடம். அதைக் கொடுக்க வேண்டியவர் விருந்தாளியாக வந்து, எதிரே கோட்டு சூட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்.

திரவக் காற்றை எப்போதும் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுவார்கள். வகுப்பே சுற்றி நின்று பார்க்க, விருந்தாளிக்காக நாகையா இன்று தாராளமாகச் சரித்தார்.

'உஸ்' என்று சீறி, மேசை முழுக்க வெள்ளைப் புகையாகப் பொங்கியது.

நல்லசிவம் தாயில்பட்டிக்காரன். அங்கே பட்டாசு ஆலை அறையில் இப்படிச் சீறினால் யாரும் யோசிப்பதில்லை. வாசல் தொட்டித் தண்ணீரை வீசிவிட்டு ஓடுவார்கள்.

"ஓடுங்கலே, ஓடுங்க" என்று கத்தினான். தரை துடைக்க வைத்திருந்த வாளியைத் தூக்கிக் கருவியின் மேல் கவிழ்த்தான்.

வில்லை விரிசல் விட்டுக் கரைந்து வழிந்தது. பேனா காகிதத்தை விட்டே இறங்கிப் போனது. அவ்வளவு ஆழமான பள்ளத்தை விஞ்ஞானம் அதுவரை கண்டதில்லை.

வகுப்பு சிரித்தது. விருந்தாளி கோட்டைப் பிழிந்துகொண்டே மதுரை பஸ் எப்போது என்று விசாரித்தார். நாகையா சுத்தத் தமிழில் திட்டினார். மூடன், காட்டான், பனிக்குப் பயந்த பிறவி.

நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டு மட்டும் ஏதோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது. நிமிர்ந்தான்.

மேசைக்குப் பின்னால் பேராசிரியர் இல்லை. ஒற்றைச் செருப்பு கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். சன்னலுக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில் நின்று திட்டிக்கொண்டிருந்த நாகையா, அவனைக் கண்டதும் நிறுத்தினார். செருப்புக்குக் கை நீட்டவில்லை.

"எனக்கும் அந்தப் பட்டாசுப் பக்கந்தாம்லே. ஏழாயிரம்பண்ணை" என்றார், சன்னலுக்குக் கேட்காத குரலில். "நீ தண்ணியாவது ஊத்துன."