வெள்ளச் சமவெளி எனப்படும்

“வெள்ளப்பெருக்கின்போது ஆறு கரை கடந்து பரவும் தாழ்வான நிலம் வெள்ளச் சமவெளி எனப்படும்.”

பக்கத்து அறையில் என் மகள் படித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் வீடு வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் எப்போதும் இப்படித்தான். வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். அதற்காக இன்றைக்கா?

பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை என்று வந்தவர்களிடம் இளித்து வைத்தேன்.

வீடு பார்க்க வந்தவர் தலையாட்டினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் இன்னும் கஷ்டம். அவர் மனைவி இடுப்பிலிருந்த பாப்பாவை இறக்கிவிட்டாள். அது நேராகப் போய்ச் சுவரைத் தடவியது.

அந்தச் சுவரில்தான், என் மார்பு உயரத்தில், போன மழைக்காலத்துத் தண்ணீர்க் கோடு இருக்கிறது. பெயிண்டுக்கு மேல் பெயிண்டாக அடித்து மறைத்திருந்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் நன்றாகவே மறைந்திருந்தது.

வேறு என்ன செய்ய? அன்றைக்கு ராத்திரி முழுக்க மகளைப் பரணில் ஏற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மேஜைமேல் நின்றோம். அதிலிருந்து வானம் கறுத்தாலே அவள் பரணில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். சாப்பிடுவதில்லை. இதை விற்றால்தான் மேட்டுப் பக்கம் ஒரு வீடு பார்த்துப் போக முடியும்.

பிளக் பாயிண்ட் எல்லாம் ஏன் இத்தனை உயரத்தில் என்று அவர் கேட்டார். குழந்தைகள் விரலை விட்டுவிடக் கூடாதே என்று என் வீட்டுக்காரர் கண் இமைக்காமல் சொன்னார். வந்தவருக்கு அது பிடித்துப்போயிற்று. பக்கத்தில் ஆறு, ஏரி ஏதாவது உண்டா என்று கேட்டார். ஆறா, அது எங்கேயோ ஓடுகிறது, மொட்டைமாடியில் நின்றால்கூடத் தெரியாது என்றார் இவர். அது பொய் இல்லை.

பின்பக்கம் போனோம். நல்ல மண், குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று இவர் ஆரம்பித்தார்.

“வெள்ளம் வடியும்போது ஆறு விட்டுச்செல்லும் வண்டல் மண் மிகவும் வளமானது.”

இவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவள் வாயை மூடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் ஓடிப்போய் அறைக் கதவை ஒட்டி நின்று தொண்டையைச் செருமினேன். சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. பாவி மகள், யாருக்காக இத்தனை பாடுபடுகிறோம் என்று தெரியவில்லையே.

வந்தவரின் மனைவி முன்பக்க ஜன்னலுக்கு வந்தாள். தெரு எவ்வளவு அழகாக வளைந்துபோகிறது, லாடம் மாதிரி என்றாள்.

“ஆறு நேர்வழியில் பாயத் தொடங்கும்போது அது கைவிட்ட வளைவு, குதிரைக் குளம்பு ஏரி எனப்படும். காலப்போக்கில் அது தூர்ந்து நிலமாகிவிடும்.”

தீர்ந்தது கதை என்று நினைத்தேன். மடியில் கனம் இருந்தால் வழியெல்லாம் பயம்தான். கதவுப் பக்கம் காதைக் கொடுத்து வந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“பிள்ளைங்க நல்லா படிக்கிற வீடு. எங்களுக்கு இது போதுங்க.”

சாயங்காலம் அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். இவர் வாசல்வரை கூடவே ஓடினார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அப்பாடா, என் பெண் இனிமேல் நிம்மதியாகத் தூங்குவாள்.

சந்தோஷமும் கோபமுமாக அறைக் கதவைத் தள்ளினேன்.

அவள் உட்கார்ந்திருக்கவில்லை. ஜன்னல் கம்பியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, தெருவைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. பாப்பாவைக் காரில் ஏற்றும்வரை வெள்ளச் சமவெளி, வெள்ளச் சமவெளி என்று அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. பூகோளம் போன வாரமே முடிந்துவிட்டது.

“அவங்களுக்குப் புரியலையாம்மா?” என்றாள்.

கார் இன்னும் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் அதன் கண்ணாடிப் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.