யாருக்கும் தெரியாத விக்

"இதை நீங்களே வச்சுக்கிட்டு என் பணத்தைக் கொடுங்க. கிளாஸ்ல நுழைஞ்சதுமே கடைசி பெஞ்சுல ஒருத்தன், 'சார் டோப்பா'ன்னுட்டான்."

கணக்கு வாத்தியார் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றாமலே, காகிதப் பையிலிருந்து விக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். நனைந்த பூனைக்குட்டி போல அது சுருண்டு கிடந்தது.

விக் கடை முதலாளிக்கு 'டோப்பா' என்ற வார்த்தையே ஆகாது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டார். வியாபாரத்தில் தன்னைப் போல நியாயஸ்தன் கிடையாது என்று அவருக்கு ஓர் எண்ணம். இதுவரை அவரைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு தலையில் ஏறி இறங்கிய சரக்கை இன்னொரு தலைக்கு விற்க முடியாது, அதனால் திரும்ப வாங்கும் வழக்கமில்லை என்று விளக்கினார். வாத்தியார் அசையவில்லை. உற்றுப் பார்த்தாலும் தெரியாது என்று சொல்லித்தானே விற்றீர்கள், அந்தப் பையன் உற்றுக்கூடப் பார்க்கவில்லையே என்றார். பேசிப் பேசி வேர்த்துப்போய், ஃபேனையாவது போடுங்கள் என்றார். சாம்பிள் முடியெல்லாம் பறந்துவிடும், கடையில் ஃபேன் போடுவதில்லை என்றார் முதலாளி.

நாளைக்கும் அதே வகுப்புக்குப் போக வேண்டுமாம். மொட்டைத் தலையோடு போவதா, இதை மாட்டிக்கொண்டு போவதா என்று புரியவில்லையாம். சொல்லும்போது வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது. முதலாளிக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் இது கடையின் மானப் பிரச்சினை. சரக்கு சரியில்லை என்று ஒப்புக்கொண்டு திரும்ப வாங்கினால் நாளைக்கு எவன் கடைப்படி ஏறுவான்? சரக்கில் குறையிருந்தால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். மனப்பிரமை என்றால் ஆளைத் தெளியவைத்து அனுப்ப வேண்டும். அதுதான் நியாயம் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

உள்ளே வலைத்துணியில் முடி கோத்துக்கொண்டிருந்த மனைவி, "பேசாம பணத்தைக் கொடுத்து அனுப்பிடுங்க" என்றாள்.

உனக்கு வியாபாரம் தெரியாது என்று அவளை அடக்கிவிட்டு, முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரையையும் இழுத்துவிட்டார்.

"வேணாங்க. சொன்னா கேளுங்க" என்றாள் மனைவி.

முதலாளி கேட்கவில்லை. மனைவியைத் தவிர யாருக்கும், கூடப் பிறந்த தம்பிக்கும்கூடத் தெரியாத ரகசியம். ஆனாலும் ஒரு மனுஷன் கண்ணெதிரே கலங்கி நிற்கும்போது ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது? இரண்டு கைகளையும் நெற்றிக்குக் கொண்டுபோய், தன் தலைமுடியை அப்படியே தூக்கி எடுத்தார். வழுக்கை டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தது.

"பாருங்க சார். நீங்க வாங்கின அதே ரகம். எத்தனையோ வருஷமா இதோடதான் ஊரெல்லாம் சுத்துறேன். இது விக்குன்னு ஒரே ஒருத்தர் கண்டுபிடிச்சிருந்தாலும், உங்க பணம் முழுசும் இப்பவே வாபஸ்."

வாத்தியார் அசந்துபோவார் என்று காத்திருந்தார். வாத்தியாரோ அவர் கையில் இருந்ததையும் மேஜைமேல் கிடந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"ரெண்டும் ஒரே ரகமா?"

"ஒரே ரகம்தான்."

மனைவி எழுந்து வந்து, யாரையும் பார்க்காமல் கல்லாவைத் திறந்தாள்.

"வாங்க வந்த அன்னைக்கே உங்க தலையைப் பார்த்தேன் சார்" என்றார் வாத்தியார். "மட்டமான விக்கைத் தன் தலையில வச்சுக்கிட்டு, நல்லதை மத்தவங்களுக்கு விக்கிறாரே, எவ்வளவு நேர்மையான மனுஷன்னு நெனச்சுத்தான் உங்ககிட்ட வாங்கினேன்."