குட்டைக்கு மேற்குப் பக்கம்

லூக் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க ஒரு மூலையில் தேநீர்க் கோப்பையை வைத்தான்.

அரியரத்தினம் கோப்பையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அந்த மூலையைத் தன் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்த காலத்தில், வரைபடத்தின் மேல் கோப்பை வைத்தவர்களை அவர் சும்மா விட்டதில்லை.

இன்றைக்குக் கோப்பையை நகர்த்தியதோடு விட்டுவிட்டார்.

மகள் தாரகா லூக்கைக் கலியாணம் முடித்து இரண்டு வருடமாகிறது. மருமகன் இந்த வீட்டுக்குள் கால் வைப்பது இதுதான் முதல்தரம். சிட்னி பரமட்டாவில் நடந்த பதிவுக் கலியாணத்துக்கு அவர் போகவில்லை. வெள்ளைக்காரன், அதற்கு மேல் துவக்குத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போகிறவன். பிறந்ததிலிருந்து மச்சமாமிசம் வாயில் வைக்காத அவருக்கு, இரண்டில் எது பெரிய குறை என்று சொல்லத் தெரியவில்லை.

போன கிழமை தாரகா தொலைபேசியில் தாயிடம் சொன்னாள். கோபார் என்ற ஊருக்கும் அப்பால், பாதிப் பாலைவனம் மாதிரிக் கிடக்கும் அரசுக் காட்டில் காட்டாடு சுட லூக்குக்கு நாலு நாள் அனுமதி கிடைத்திருக்கிறது. கூடப் போக இருந்த நண்பனுக்கு முழங்கால் வருத்தம். இடம் வலம் பார்த்துத் திட்டம் போட்டுத்தர அப்பாவைக் கேட்கலாமா?

மாட்டேன் என்று சொல்லத்தான் அரியரத்தினம் வாயைத் திறந்தார்.

“வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லு” என்று வந்துவிட்டது.

சிட்னிக்கு வந்து பதினொரு வருடம். மருந்துக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிறார். மேடு பள்ளம் காட்டும் சமவுயரக்கோடு என்ற சொல்லை இந்த ஊரில் யாரும் அவரிடம் உச்சரித்ததுகூட இல்லை.

இப்போது அடிமட்டமும் பென்சிலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் மேசைக்கு வந்துவிட்டன. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பி நின்றே வேலை செய்தார்.

காரை எங்கே விடுவது, எந்த வாய்க்கால் மழை பெய்தால் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், ஆளுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், செம்மண் மேட்டின் எந்தச் சரிவில் கூடாரம். லூக் கேட்டான், அவர் சொன்னார், அவன் கொப்பியில் எழுதினான். குசினியில் மனைவி யோகாவும் தாரகாவும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை.

“நீங்களும் வாங்களேன், அங்கிள்” என்றான் லூக் ஆங்கிலத்தில்.

சிட்னிக்கு மேற்கே இருக்கும் நீலமலைக்கு அந்தப் பக்கம் அவர் போனதில்லை. கோடாகக் கிடக்கும் இந்த மேட்டைக் கண்ணால் பார்க்கலாம். யோசிக்க முதலே சம்மதமாகத் தலை ஆடிவிட்டது.

பிறகுதான் ஆட்டின் நினைவு வந்தது. பக்கத்தில் இருந்து அது சாவதைப் பார்க்க வேண்டுமே.

மறைந்திருக்கும் இடம் மட்டும்தான் இனிக் குறிக்க இருந்தது. மாடுகளுக்கென்று எப்போதோ வெட்டிய குட்டை ஒன்று அந்த வட்டாரத்தில் தண்ணீர் நிற்கும் ஒரே இடம். விடியக்காலையில் ஆடுகள் அங்கேதான் வந்தாக வேண்டும்.

“ஜூலையில் விடியக்காலைக் காற்று எந்தப் பக்கத்தால்?” என்று கேட்டார்.

மேற்கிலிருந்து என்றான் லூக்.

வன்னிக் காட்டில் சங்கிலி பிடித்து அளந்த காலத்தில், யானைக்கு மணம் போகாமல் நடக்கப் பழகியவர் அவர். எங்கே இருந்தால் மிருகத்துக்கு மணம் போகாது என்று தெரிந்தவருக்கு, எங்கே இருந்தால் போகும் என்று தெரியாமலா இருக்கும்?

குட்டைக்கு மேற்கே, நேர் மேற்கே, வடிவாக ஒரு புள்ளடி அடையாளம் போட்டார்.

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூடுதலாகச் சந்தோசமாக இருந்தது. ஒரு குட்டியும் சாகாது. பொடியனும் குறை சொல்ல மாட்டான்.

லூக் அந்தப் புள்ளடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“நல்ல இடம், அங்கிள்” என்றான். கொப்பியிலும் எழுதிக்கொண்டான்.

அவர்கள் வெளிக்கிட்டார்கள். லூக் காருக்குப் போன பிறகு, தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மறந்துவிட்டதாகத் தாரகா திரும்பி வந்தாள். கையில் எடுத்தவள் உடனே போகவில்லை.

“அப்பா, நீங்கள் போட்ட இடத்திலை இருந்தா மணம் நேரை ஆட்டுக்குப் போகுமாம். ஒண்டும் கிட்ட வராதாம்.”

அரியரத்தினத்துக்குக் காது சுட்டது. “ஆர் சொன்னது?”

“லூக்தான். பன்னிரண்டு வயசிலையிருந்து தேப்பனோட போற காடு அது. அங்க இருக்கிற ஒவ்வொரு குட்டையும் ஆளுக்குத் தெரியும்.”

“அப்ப ஏன் என்னட்டை வந்தது? ஏன் நல்ல இடம் எண்டது?”

தாரகா சாப்பாட்டுப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“ஆடு வந்தா வாய் திறக்கேலாதாம் அப்பா. வராட்டி நாலு நாளும் உங்களோட கதைச்சுக்கொண்டு இருக்கலாமாம்.”

அவர் செருப்பையும் போடாமல் சாரத்தோடு படியிறங்கி, குளிர்ந்த சீமெந்துத் தரையில் கார் வரைக்கும் நடந்தார். லூக் கண்ணாடியை இறக்கினான்.

வெள்ளிக்கிழமை காட்டுக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று அவனிடம் கேட்டார்.