யார் போட்ட உப்பு

கஸ்தூரி குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

மேலே மிதந்த கறுப்பு ஆயிலைக் காணவில்லை.

விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். என்னையும் விடச் சொன்னாள். காலேஜ் லேபில் பெருக்கிக் கழுவுகிற கூலிக்காரன் நான். பிசுக்குக் கழுவிக் கழுவி அலுத்த கை இது. இதற்குத் தெரியாதா?

சுத்தம். துளிப் பிசுக்கு இல்லை.

மொத்தம் நான்கு குடுவை. அ, ஆ, இ, ஈ. நான் தவறிப்போய்க் கழுவிவிடக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். முதியோர் பள்ளியில் நான் அந்த எழுத்தையெல்லாம் தாண்டி வெகுநாளாகியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

நான்கிலும் ஏரித் தண்ணீர், லாரியில் வடித்த பழைய ஆயில், உப்பு மண்டிக்குப் பின்னால் லாரி நிற்கிற இடத்து மண். அந்த மண்ணில் எண்ணெயைத் தின்கிற கிருமி இருக்கிறது, ஏரியில் கலக்கிற ஆயிலை அது தின்று தீர்த்துவிடும் என்பது கஸ்தூரியின் கட்சி.

ஒரு வருஷமாக அது ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டார் சகாதேவன் சார். அவளுடைய ஆராய்ச்சிக்கு அவர்தான் பேராசிரியர். அழுது கெஞ்சிப் பொங்கல் வரை தவணை வாங்கினாள். அதற்குள் ஆகவில்லை என்றால் படிப்பை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

தீபத்துக்கு மறுநாள் அலமாரியில் வைத்துப் பூட்டியதை, பொங்கல் நெருங்கிய அன்றுதான் திறந்தோம். அ, ஆ, ஈ மூன்றிலும் ஆயில் அப்படியே கிடந்தது. இ மட்டும் தெளிந்திருந்தது.

அதன் கழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கஸ்தூரி நகத்தால் சுரண்டி எடுத்தாள். கல்லுப்பு.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கத்தினாள்.

"உப்புல பொறந்த கிருமி சார் இது! நல்ல தண்ணியில வெச்சு பட்டினி போட்டுட்டேன். இது ஏரிக்கு இல்ல சார், கடலுக்கு! கப்பல்லேர்ந்து கொட்டற ஆயிலுக்கு!"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது சரி, உப்பை யாரு போட்டது?" என்றார் லேப் அசிஸ்டென்ட் முருகையன். அவரே என் பக்கம் திரும்பினார். "வேற யாரு? அலமாரி சாவி இவன்கிட்ட இருக்குது. ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்கே பொட்டு வெச்ச ஆளு. திருஷ்டி சுத்திப் போட்டிருப்பான்."

அந்தப் பொட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்தவர் சகாதேவன் சார். கறுப்புச் சட்டைக்காரர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் கோயில் வாசலை மிதிக்காதவர்.

கண்ணாடி இல்லாத கண்ணால் அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க, நான்தான்" என்றேன்.

கஸ்தூரி என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். "கட்டுரையில உங்க பேரு வரும்ண்ணா. மொத நன்றி உங்களுக்குத்தான்."

"மண்ணாங்கட்டின்னு இங்கிலீஷ்ல எப்படிம்மா எழுதுவே?" என்றார் முருகையன். என் பேர் அது. எல்லோரும் சிரித்தோம். சார் எல்லோரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தார்.

மற்ற மூன்றிலும் அன்றே உப்பைக் கொட்டினாள். பங்குனிக்குள் மூன்றும் தெளிந்தன. எண்பத்திரண்டில் கட்டுரை அச்சாகி வந்தது. என் பேரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவர் சார்தான்.

நான் உப்புப் போடவில்லை.

தீபத்தன்று சாயங்காலம், மலை உச்சியில் ஜோதி ஏறி ஊரே அரோகரா என்று அலறியபோது, லேபைப் பூட்ட வந்தவன் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

உள்ளே சார், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூடிய கையால் நான்கு குடுவையையும் மூன்று சுற்று சுற்றினார். சுற்றிய உப்பைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; குழாயைத் திறந்தார். தீபக் கூட்டத்தில் ஊருக்கே தண்ணீர் இல்லை. இப்படியும் அப்படியும் பார்த்தார்.

எப்படியும் கொட்டப் போவதுதானே என்று நினைத்திருப்பார். மூன்றாவது குடுவையின் வாயை அடைத்திருந்த பஞ்சை எடுத்தார்.